பைத்தானில் அமைவுக் கோப்பு: படிப்பது ஒரு வேலை, எழுதுவது வேறு வேலை

கேள்வி இது: பைத்தானில் எழுதிய நிரல் ஒன்றுக்குப் போர்ட் எண், தரவுத்தள முகவரி, காத்திருப்பு நேரம் போன்ற அமைவுகளை வெளியே ஒரு கோப்பில் வைக்க வேண்டும். ஐஎன்ஐ, ஜேசன், யாமல், டாமல் என்று நான்கு வடிவங்கள் கண்ணில் படுகின்றன. எதை எடுப்பது, எப்படிப் படிப்பது? பயனர் ஓர் அமைவை மாற்றினால், கோப்பில் ஏற்கெனவே உள்ள குறிப்புரைகள் அழியாமல் எப்படித் திரும்ப எழுதுவது?

வடிவச் சண்டைக்குள் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கோப்பை எழுதப்போவது யார்? மனிதர் எழுதி நிரல் படிக்கும் கோப்பு ஒரு வகை. நிரலே எழுதி நிரலே படிக்கும் கோப்பு இன்னொரு வகை. சாளரத்தின் அளவு, கடைசியாகத் திறந்த ஆவணங்கள், பயனர் தேர்ந்த எழுத்துரு போன்றவை இதில் சேரும். முதல் வகையில் குறிப்புரை, வெற்று வரி, வரிசை எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. ‘இந்த எண்ணை 30-க்குக் கீழே இறக்காதே, காப்புப்பிரதி எடுக்கும்போது அறுந்துவிடுகிறது’ என்று யாரோ எழுதி வைத்த வரிதான் சில நேரம் அந்தக் கோப்பிலேயே மதிப்புள்ள வரி. இரண்டாம் வகையில் இவற்றுக்கு வேலையே இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுவிட்டு, பிறகு குறிப்புரை அழிகிறதே என்று கவலைப்படுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ஆகவே என் பதில்: இரண்டு கோப்புகள் வையுங்கள். மனிதர் எழுதும் கோப்பை நிரல் தொடவே கூடாது. நிரல் எழுத வேண்டியவை தனிக் கோப்புக்குப் போகட்டும். ஒரே கோப்பில் இரண்டையும் சமாளிக்கும் மென்பொருள்கள் இல்லாமல் இல்லை. நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் என்ற மென்பொருள், தன் அமைவுக் கோப்பைக் கட்டளை வழியாக மாற்றும்போது பக்கத்தில் உள்ள குறிப்புரைகளைக் காப்பாற்றிவிடும். அதற்கென்றே தனி நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைப் போட உங்களுக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வடிவங்கள். ஐஎன்ஐயில் தொடங்குகிறேன், பழைய விண்டோஸ் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான வடிவம், பைத்தானோடு கூடவே வரும் கான்ஃபிக்பார்சர் மாட்யூல் அதைப் படித்துவிடும். இப்படி ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

[வலைச்சேவை]
போர்ட் = 8080
பிழைத்திருத்தம் = இல்லை
காத்திருப்பு = 30   ; விநாடியில்
கடவுச்சொல் = மழை%2024

பார்க்க அப்பாவியாகத்தான் இருக்கிறது. நான்கு வரிகளிலும் ஒவ்வொரு பொறி இருக்கிறது. முதல் வரியில் இருப்பது எண் அல்ல, ‘8080’ என்ற சரம் (ஸ்ட்ரிங்). ஐஎன்ஐயில் எல்லாமே சரம்தான்; எண்ணாக வேண்டுமென்றால் கெட்இன்ட் என்ற ஃபங்ஷனால் கேட்க வேண்டும். (அந்த ஃபங்ஷன் பைத்தானின் இன்ட்டை நம்பியிருப்பதால், யாராவது தமிழ் எண்களில் ‘௮௦௮௦’ என்று எழுதி வைத்தாலும் 8080 என்றே எடுத்துக்கொள்ளும். வேறு வடிவங்களில் இந்தச் சலுகை கிடையாது.)

இரண்டாம் வரி, உண்மையா பொய்யா என்ற கேள்வி. கெட்பூலியன் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தின் யெஸ், நோ, ட்ரூ, ஃபால்ஸ், ஆன், ஆஃப், பிறகு 1, 0 ஆகிய எட்டை மட்டுமே அதற்குத் தெரியும். ‘இல்லை’ என்றால் பிழை எழுப்பும். பூலியன்_ஸ்டேட்ஸ் என்ற அகராதியை (டிக்ஷனரி) மாற்றி ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் சேர்த்துவிட முடியும். பிழை எழுந்தால் நல்லது என்றே சொல்வேன். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க, நிரலாளர் கெட்பூலியனை மறந்து அந்தச் சரத்தை அப்படியே பைத்தானின் பூல் ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டால் கிடைப்பது ட்ரூ. காலியில்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மைதான். பிழைத்திருத்த நிலையை அணைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டு அதைத் திறந்தே வைத்திருப்பீர்கள். எந்த எச்சரிக்கையும் வராது.

மூன்றாம் வரியில், அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது குறிப்புரை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பைத்தான் 3-இல் வரியின் நடுவில் வரும் குறிப்புரை இயல்பாக ஏற்கப்படுவதில்லை. மதிப்பு ‘30   ; விநாடியில்’ முழுவதும்தான். வரியின் தொடக்கத்தில் வந்தால் மட்டுமே அது குறிப்புரை. நடுவிலும் வேண்டுமென்றால் பார்சரை (கோப்பைப் படித்துப் பிரிக்கும் கருவியை) உருவாக்கும்போதே அதற்கான குறியைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் கடவுச்சொல்லில் ஓர் இடைவெளிக்குப் பின் அதே குறி வரும்போது மதிப்பு பாதியில் அறுந்துவிடும். குறிப்புரையைத் தனி வரியில் எழுதிவிடுவதே மேல்.

நான்காம் வரியின் சதவீதக் குறிதான் நள்ளிரவில் எழுப்பும் ரகம். கான்ஃபிக்பார்சர் சதவீதக் குறியைப் பார்த்ததும் வேறோர் அமைவின் மதிப்பை அங்கே செருகச் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும். பொருந்தாத எழுத்து பின்னால் வந்தால் பிழை. கோப்பைப் படிக்கும்போது வராது, அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் வரும். பழைய கடவுச்சொல்லோடு மாதக்கணக்கில் ஓடிய நிரல், புதுக் கடவுச்சொல்லில் சதவீதக் குறி வந்த அன்று விழும். பார்சரை உருவாக்கும்போது இன்டர்பொலேஷனுக்கு நன் என்று கொடுத்து இந்த வசதியை அணைத்துவிடுங்கள். தேவைப்படுபவர்கள் மிகக் குறைவு.

கோப்பே இல்லையென்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். ரீட் என்ற ஃபங்ஷன் கிடைக்காத கோப்பை மௌனமாகத் தாண்டிப் போய்விடும். எந்தெந்தக் கோப்புகளைப் படித்தது என்ற பட்டியலைத் திருப்பித் தரும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விட்டால் பாதையில் ஓர் எழுத்து தவறியதைக் கண்டுபிடிக்க நீண்ட நேரம் ஆகும். இருந்தே ஆக வேண்டிய கோப்பு என்றால் நீங்களே திறந்து ரீட்_ஃபைலுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். இன்னொன்று, அமைவுப் பெயர்களை எல்லாம் கான்ஃபிக்பார்சர் சிற்றெழுத்தாக்கிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு இதனால் கேடில்லை. ஆங்கிலப் பெயர்களில் பேரெழுத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் என்பதற்கு எஸ்டிஆர் என்ற சர வகையைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்தபின் ஐஎன்ஐ வேண்டாம் என்று தோன்றினால் நியாயம்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது டாமல். கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013-இல் தொடங்கிய வடிவம். 2021 ஜனவரியில் 1.0.0 பதிப்பு வந்தது. 2022-இல் வெளியான பைத்தான் 3.11 முதல் டாமல்லிப் என்ற மாட்யூல் பைத்தானோடு கூடவே வருகிறது. பார்வைக்கு ஐஎன்ஐ போலவே இருக்கும். ஆனால் எண் எண்ணாகவும், ட்ரூவும் ஃபால்ஸும் அப்படியேயும், தேதி தேதியாகவும் வந்து சேரும். மேலே சொன்ன நான்கு பொறிகளில் ஒன்றும் இதில் கிடையாது.

டாமலுக்கும் சில முரண்டுகள் உண்டு. டாமல்லிப்பின் லோடுக்குக் கோப்பைப் பைனரி நிலையில் திறந்துதான் கொடுக்க வேண்டும். உரைநிலையில் திறந்தால் ஏற்காது. குறியாக்கம் எப்போதும் யூடிஎஃப்-8 என்று டாமல் விதிப்பதால், அதைப் பிரிக்கும் பொறுப்பை அதுவே வைத்துக்கொள்கிறது. மேற்கோள் இல்லாத பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு மட்டுமே அனுமதி. தமிழில் பெயர் வைத்தால் மேற்கோளுக்குள் போட வேண்டும். விண்டோஸ் பாதைகளை இரட்டை மேற்கோளுக்குள் எழுதாதீர்கள். பின்சாய்வுக்கோட்டை அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்துப் புதுவரியாகவோ பிழையாகவோ மாறும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் உள்ளது உள்ளபடி நிற்கும். மதிப்பே இல்லை என்று சொல்ல டாமலில் வழி கிடையாது. அந்த வரியை எழுதாமல் விடுவதுதான் வழி.

முக்கியமான ஒன்று: டாமல்லிப் படிக்க மட்டுமே செய்யும், எழுதாது. இது மறதியால் நேர்ந்ததல்ல. எப்படி எழுதுவது, எதை எந்த நடையில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு விருப்பம் இருப்பதால் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். படிப்பதும் எழுதுவதும் ஒன்றல்ல என்பதைப் பைத்தானோடு கூடவே வரும் நிலைநூலகமே ஒப்புக்கொண்ட இடம் இது. மனிதர் எழுதிய டாமல் கோப்பை நிரல் திருத்தியே ஆக வேண்டும் என்றால் டாமல்கிட் என்ற வெளி லைப்ரரி இருக்கிறது. குறிப்புரையையும் இடைவெளியையும் வரிசையையும் அப்படியே வைத்துக்கொண்டு கேட்ட மதிப்பை மட்டும் மாற்றும். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு நேரடி விடை அதுதான். கான்ஃபிக்பார்சரின் ரைட் இந்த வகையில் மோசம்: படிக்கும்போதே குறிப்புரைகளைத் தூக்கி எறிந்துவிடுகிறது, எழுதும்போது திரும்பக் கிடைக்காது.

ஜேசனில் குறிப்புரை எழுதவே முடியாது, கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வைத்தால் பிழை. மனிதர் கையால் எழுதும் கோப்புக்கு இதைத் தேர்ந்தெடுத்தால் தினமும் யாராவது அந்தக் காற்புள்ளியில் இடறுவார்கள். நிரல் தனக்காக எழுதிக்கொள்ளும் இரண்டாம் வகைக் கோப்புக்கோ இதைவிடப் பொருத்தம் வேறில்லை: படிக்கவும் எழுதவும் பைத்தானிலேயே எல்லாம் இருக்கிறது. தமிழ் உரையைச் சேமிப்பவர்கள் என்ஷ்யூர்_ஆஸ்கி என்பதற்கு ஃபால்ஸ் கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் பின்சாய்வுக்கோடும் குறியெண்ணுமாகக் கோப்பில் இறங்கும். திரும்பப் படித்தால் சரியாகத்தான் வரும், ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எழுதிப் படித்தபின் எல்லாம் பழையபடி இருக்கும் என்றும் நம்பாதீர்கள். டியூப்பிள் லிஸ்டாக வரும். அகராதியில் எண்ணாக இருந்த பெயர்கள் சரங்களாக வரும். ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் பின்னது முன்னதைச் சத்தமில்லாமல் விழுங்கும்.

யாமலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்ணுக்கு அழகு, ஊகத்தில் அளவுக்கு மீறிய துணிச்சல். நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேக்கு உரிய ‘என்’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகளை மேற்கோள் இல்லாமல் எழுதினால், யாமல் 1.1 விதிப்படி அது ‘நோ’, அதாவது ஃபால்ஸ். மென்பொருள் பதிப்பு 1.10 என்று எழுதினால் அது 1.1 என்ற பின்ன எண். 22:22 என்று எழுதினால் அறுபதின் அடுக்காகக் கணக்கிட்டு 1342 என்று தரும். 2009-இல் வந்த யாமல் 1.2 இவற்றில் பலவற்றைக் களைந்தது. ஆனால் பைத்தானில் பரவலாகப் புழங்கும் பையாமல் இன்னும் 1.1 வழியில்தான் நடக்கிறது. சூழலின் கட்டாயத்தால் யாமல்தான் என்றால், சரங்களை எப்போதும் மேற்கோளுக்குள் போடுங்கள், சேஃப்_லோடை மட்டும் பயன்படுத்துங்கள். பாதுகாப்பில்லாத லோடர் வழியாகப் படித்தால், கோப்பில் எழுதியிருப்பது உங்கள் நிரலுக்குள் எந்தப் பைத்தான் ஃபங்ஷனையும் இயக்கிவிட முடியும். குறிப்புரையைக் காப்பாற்றித் திரும்ப எழுத ருவாமல்.யாமல் என்ற லைப்ரரி உண்டு.

எந்த வடிவமானாலும் படித்தவுடன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. படித்த அகராதியை அப்படியே நிரல் முழுக்கச் சுற்றவிட்டு, தேவைப்படும் இடத்தில் பெயரைச் சொல்லி மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். நிரல் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து, யாரும் எதிர்பாராத ஃபங்ஷனில், ஓர் அமைவு இல்லை என்ற பிழை வரும். அதற்குப் பதிலாக வாசலிலேயே ஒரு முறை எல்லாவற்றையும் சோதித்து, வகை மாற்றி, மாறாத டேட்டாகிளாஸ் (பெயரிட்ட புலங்களில் மதிப்புகளை வைக்கும் வகுப்பு) ஒன்றில் ஊற்றிவிடுங்கள். அதற்கு அப்பால் உள்ள நிரலுக்குக் கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். சோதிக்கும்போது ஒரு நுணுக்கம்: பைத்தானில் ட்ரூவும் முழு எண்ணின் ஒரு வகையே. போர்ட் முழு எண்ணா என்று மட்டும் கேட்டால், அங்கே ட்ரூ இருந்தாலும் ஆம் என்றே விடை வரும். வரம்பு பார்த்தாலும் தப்பிவிடும், ஏனென்றால் ட்ரூவின் மதிப்பு 1.

பிழைச் செய்தியில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘தவறான மதிப்பு’ என்று மட்டும் சொல்வது யாருக்கும் உதவாது. கோப்பின் முழுப் பாதை, பகுதி, பெயர், எதிர்பார்த்தது, கிடைத்தது ஐந்தும் வேண்டும்: ‘(கோப்பின் முழுப் பாதை), வலைச்சேவை பகுதியில் போர்ட்: 1 முதல் 65535 வரையிலான முழு எண் வேண்டும், கோப்பில் இருப்பது 80அ80’. தெரியாத பெயர் வந்தாலும் பேசாமல் விடாதீர்கள். ‘காத்திருப்பு’ என்பதை யாராவது ‘காத்திருபு’ என்று எழுதிவிட்டால், நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் இயல்பு மதிப்போடு ஓடும். எழுதியவர் தன் மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார். நிலைநூலகத்தின் டிஃப்லிப்பில் கெட்_குளோஸ்_மேட்சஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதைக் கொண்டு ‘இதைச் சொல்கிறீர்களா?’ என்று கேட்டுவிட இரண்டு வரி போதும்.

கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நிரல் நிறுவப்பட்ட கோப்பகத்துக்குள் வைக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இதற்கென்று வழக்கமான இடங்கள் இருக்கின்றன, பிளாட்ஃபார்ம்டிர்ஸ் லைப்ரரி அவற்றைச் சொல்லிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அமைவு வந்தால், வழக்கமான வரிசை இது: நிரலுக்குள் உள்ள இயல்பு மதிப்பு, அதன்மேல் கணினி முழுவதற்குமான கோப்பு, அதன்மேல் பயனரின் கோப்பு, அதன்மேல் சூழல் மாறி (இயங்குதளம் வழியாக நிரலுக்கு வரும் மதிப்பு), எல்லாவற்றுக்கும் மேலே கட்டளை வரி. பல அகராதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் செயின்மேப் இதற்கு உதவும் என்று பலர் சொல்வார்கள். அது மேல்மட்டத்தை மட்டுமே பார்க்கும். பயனர் தன் கோப்பில் வலைச்சேவைப் பகுதியில் ஒரே ஒரு வரி எழுதினாலும், கீழே உள்ள வலைச்சேவைப் பகுதி முழுவதும் மறைந்துவிடும். பகுதிக்குள் இறங்கி இணைக்கும் சிறு ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி எழுதுவது. நிரலின் சொந்தக் கோப்பானாலும் இங்கே கவனம் தேவை. கோப்பை எழுதும் நிலையில் திறந்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் போய்விடுகிறது. திறந்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவில் மின்சாரம் போனாலோ, நிரல் பிழையால் நின்றாலோ, காலியான அல்லது அரைகுறையான கோப்பு மிஞ்சும். அடுத்த முறை நிரல் தொடங்கவே தொடங்காது. இதைத் தவிர்க்கும் முறை பழையது, உறுதியானது: அதே கோப்பகத்தில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுவதையும் அதில் எழுதுங்கள், ஃபிளஷ் செய்து, எஃப்சிங்க் அழைத்து வட்டில் இறங்கியதை உறுதிசெய்யுங்கள், பிறகு ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் அந்தப் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். படிப்பவருக்குப் பழைய கோப்பு கிடைக்கும், இல்லையென்றால் புதியது கிடைக்கும். பாதிக் கோப்பு கிடைக்காது.

அதே கோப்பகம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கணினியின் பொதுத் தற்காலிக இடத்தில் எழுதினால் அது வேறு கோப்பு முறைமையாக இருக்கலாம், அப்போது ரீப்ளேஸ் பிழை தரும். டெம்ப்ஃபைல் மாட்யூலின் எம்கேஎஸ்டெம்ப் உருவாக்கும் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும். பழைய கோப்பைக் குழுவில் உள்ள மற்றவர்களும் படித்துக்கொண்டிருந்தால், மாற்றியபின் அவர்களுக்குக் கதவு அடைபடும். பழைய அனுமதியை நகலெடுத்துவிட்டு மாற்றுங்கள். கோப்பு உண்மையில் வேறிடத்தைச் சுட்டும் குறியிணைப்பாக இருந்தால், ரீப்ளேஸ் அந்த இணைப்பையே அழித்து அங்கே சாதாரணக் கோப்பை வைத்துவிடும். தங்கள் அமைவுகளை எல்லாம் ஒரே களஞ்சியத்தில் வைத்து இணைப்புகளால் பரப்பியிருப்பவர்கள் இதற்காக உங்களைத் திட்டுவார்கள். ரியல்பாத்தால் உண்மையான பாதையைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதை எழுதுவது என்பதிலும் ஒரு கருத்து உண்டு எனக்கு. பயனர் மாற்றியதை மட்டும் எழுதுங்கள், இயல்பு மதிப்புகளைக் கொட்டிவிடாதீர்கள். காத்திருப்பு நேரம் 30 என்று நிரல் தானாகக் கோப்பில் எழுதிவிட்டால், அடுத்த பதிப்பில் நீங்கள் 60 ஆக்கினாலும் பழைய பயனர் யாருக்கும் அது போய்ச் சேராது. அவர் வேண்டுமென்றே 30 வைத்தாரா, நிரல் வைத்ததா என்று பிறகு சொல்லவும் முடியாது. கூடவே, கோப்பில் ஒரு பதிப்பெண் இருக்கட்டும்; அமைப்பு மாறும்போது பழையதை அடையாளம் காண வேறு வழி கிடையாது.

குறியாக்கம் பற்றி ஒரு பத்தி போதும். கோப்பை உரைநிலையில் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் 3.14 வரையிலான பைத்தான் கணினியின் உள்ளூர் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சரியாக ஓடியது விண்டோஸில் தமிழைக் கண்டதும் நிற்கும். சில உரைத் திருத்திகள் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியை வைத்துவிடும். அப்போது முதல் வரியில் பகுதித் தலைப்பு கண்ணெதிரே இருக்க, பகுதித் தலைப்பே இல்லை என்று கான்ஃபிக்பார்சர் சாதிக்கும். மனிதர் எழுதும் ஐஎன்ஐ கோப்பை யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தில் படித்தால், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

கடவுச்சொல் இந்தக் கோப்புகளில் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. மேலே மாதிரிக்காக எழுதியதைப் பின்பற்றாதீர்கள். சூழல் மாறியிலோ, இயங்குதளத்தின் சாவிப்பெட்டகத்திலோ, அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) உள்ள தனிக் கோப்பிலோ இருக்கட்டும். நிரல் தொடங்கும்போது எல்லா அமைவுகளையும் பதிவேட்டில் அச்சிடுவது நல்ல வழக்கம், ஆனால் அதில் கடவுச்சொல்லும் சேர்ந்து அச்சாகிவிடும். டேட்டாகிளாஸில் அந்தப் புலத்துக்கு ரெப்ர் ஃபால்ஸ் என்று கொடுத்தால் மறைந்துகொள்ளும்.

ஏற்கெனவே எல்லாம் ஒரே ஐஎன்ஐ கோப்பில் கலந்து கிடக்கிறது, நிரலும் பயனர்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ஒரே நாளில் பிரிக்க முயல வேண்டாம். புதுப் பதிப்பு முதலில் நிரலின் சொந்த ஜேசன் கோப்பைத் தேடட்டும். அது இல்லையென்றால் பழைய கோப்பிலிருந்து தனக்குரியதை மட்டும் எடுத்து ஜேசனில் எழுதிக்கொள்ளட்டும். பழைய கோப்பை அழிக்கவோ திருத்தவோ கூடாது, யாராவது முந்தைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். அந்தப் பெயர்கள் பழைய கோப்பில் இனிச் செல்லாது என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிவேட்டில் விடுங்கள். இரண்டு மூன்று பதிப்புகள் கழித்து, பழைய கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் அந்த நிரல்துண்டை நீக்கிவிடலாம்.